போடுடா, வெர்லின்!

வெர்லின் ஹட்சலை மில்பர்னில் தெரியாதவர் கிடையாது. ஜனவரிக் குளிரில் வீட்டு ஹீட்டர் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிட வேண்டும். ஐம்பத்தைந்து வயதில், தோள் ஒரு பக்கம் வலிக்க, முட்டி ஒரு பக்கம் வலிக்க, பேஸ்மென்ட் படியில் இறங்கி ஹீட்டருக்கு முன்னால் மல்லாந்து படுப்பான். "அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் எடுத்துப் போடுங்க" என்று கை நீட்டினால் போதும், வீட்டுக்காரருக்குக் குஷி வந்துவிடும். "இந்தா, போட்டுட்டேன். பாத்தியா, நான் ஒண்ணும் லேட் பண்ணல!" என்று சொல்லிவிட்டு, உலகத்திலேயே முதல் ஆளாக அதைக் கண்டுபிடித்த மாதிரி சிரிப்பார். வெர்லினும் சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால், 'ஒரு தமாஷைக்கூடத் தாங்க மாட்டேங்கிறானே' என்று அதற்கும் ஒரு பேச்சு.

மளிகைக் கடையில், பெட்ரோல் பங்கில், சர்ச் வாசலில், எங்கே போனாலும் இதே கதைதான். "போடுடா, வெர்லின், போடு!" அவன் கல்லூரியில் ஆடிய அந்தக் கூடைப்பந்து ஆட்டம் நடந்தபோது பிறந்தே இராத தடியன்கள்கூடக் கத்துவார்கள். இவர்களுக்கெல்லாம் அவன் என்ன பாவம் செய்தான் என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா? ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த ஆட்டம் நடந்தது எண்பத்தொன்பதாம் வருஷம் மார்ச்சில். அவன் படித்த டன்லப், மில்பர்ன் பக்கத்துச் சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிற சின்னக் கல்லூரி. தேசியப் போட்டியின் வாசலைக்கூட அது மிதித்ததில்லை. அந்த வருஷம் எப்படியோ முட்டி மோதி வட்டார இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டது. அதில் ஜெயித்தால் தேசியப் போட்டி. ஆட்டம் தூரத்து ஊரில். அன்றைக்கென்று பார்த்துப் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு போகவேண்டிய பஸ் ஒன்றும் கிளம்பவில்லை. மொத்த ஊரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தது. ஆக, அந்த ஆட்டத்தை மில்பர்ன் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டது. எல்லாக் கூத்தும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

முதல் பாதி முடியப் போகிற நேரத்தில் எதிரணி ஒரு கூடை போட்டது. கடிகாரம் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. கூடைக்கு அடியில் விழுந்த பந்தை எடுத்து, கோட்டுக்கு வெளியே நின்று, உள்ளே போடவேண்டியவன் வெர்லின். வாங்கவேண்டியவன் கிப் ஸ்டாலர்ட். அந்த வட்டாரத்திலேயே தூரத்திலிருந்து கூடை போடுவதில் கிப்பை மிஞ்ச ஆள் கிடையாது. வெர்லினுக்கு முன்னால் ஒரு நெட்டைக்காரன் கையை விரித்துக்கொண்டு குதித்தான். வெர்லின் இடது பக்கம் போடுவது போலப் பாசாங்கு காட்டி, வலது பக்கம் குனிந்து, கிப்பின் கையில் கச்சிதமாகப் பந்தைப் போட்டான். கடிகாரத்தில் இன்னும் மூன்று விநாடி இருந்தது. மூன்று விநாடி என்பது கூடைப்பந்தில் தாராளமான நேரம்.

ரேடியோவில் வர்ணனை சொன்னவர் ஹோய்ட் பிராம்லெட். டிராக்டர் விற்கிறவர். ஆட்டம் ஒரு இடத்தில் இருந்தால் அவர் வாய் எப்போதும் அதற்கு ரெண்டு எட்டு பின்னால்தான் வரும். பந்து வெர்லின் கையைவிட்டுப் போன பிறகும் அவர் பாட்டுக்கு, "போடுடா, வெர்லின்! போடு! போடு! ஐயோ, போடேன்டா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அவர் "ஸ்டாலர்ட் கையில பந்து!" என்று சொல்லவும் பாதி முடிந்ததென்று பஸ்ஸர் அடிக்கவும் சரியாக இருந்தது. அப்புறம்தான் கிப் எறிந்தான். நடுக்கோட்டுக்கும் அந்தப் பக்கம், மைதானத்தின் முக்கால் தூரத்திலிருந்து. பந்து விளக்குகளை இடித்துவிடும் போல மேலே போய், இறங்கி, வளையத்தைத் தொடாமல் வலைக்குள் விழுந்தது.

"விழுந்துடுச்சு! விழுந்துடுச்சு! ஆண்டவரே, விழுந்துடுச்சு!" என்று ஹோய்ட் அழுதே விட்டார். பலகைக்குப் பின்னால், நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடுவர் ரெண்டு கையையும் வீசி, செல்லாது என்றார். "செல்லாதாம்! ஒரு இமை நேரம் லேட்டாம்! வெர்லின், வெர்லின், என்னடா பண்ணிட்ட!" என்றார் ஹோய்ட். கடைசியில் டன்லப் ரெண்டே புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அந்த எறி செல்லுபடியாகியிருந்தால் மூன்று புள்ளி. பச்சைக் குழந்தைகூடக் கணக்குப் போட்டுவிடும்.

வெர்லின் பார்த்தது வேறு. கிப்புக்கு முன்னால் ஆளே இல்லை. பந்தை வாங்கினான், நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். தரையில் ஒரு தட்டு தட்டினான். இன்னொரு தட்டு. உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு. பஸ்ஸர் அடித்தது. அதற்குப் பிறகுதான் எறிந்தான்.

பந்து ஆடினவர்களுக்கு இந்தக் கள்ளத்தனம் தெரியும். அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி என்கிற கோடு வந்து அப்போது ரெண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. தூரத்திலிருந்து எறிகிறவன் பிழைப்பே சதவீதத்தில் இருந்தது: எத்தனை எறிந்தான், எத்தனை விழுந்தது. பாதி முடிகிற நேரத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தால் நூற்றில் ஒன்று விழும். விழாவிட்டால் தவறிய கணக்கில் ஏறிவிடும். பஸ்ஸருக்குப் பிறகு எறிந்தால் ஒரு கணக்கிலும் வராது. அதனால் சமர்த்துப் பிள்ளைகள் பந்தை வைத்துக்கொண்டு, எறியத் தவிக்கிற மாதிரி ஒரு பாவனை காட்டி, பஸ்ஸர் அடித்ததும் வீசுவார்கள். பார்க்கிறவர்கள், 'ஐயோ பாவம், நேரம் போதலை' என்பார்கள். கிப் அந்த வருஷம் சதவீதத்தில் வட்டாரத்திலேயே முதல் இடம், அதுவும் மயிரிழையில். ஒரு எறி தவறினால் ரெண்டாவது இடம். இத்தாலியில் காசு கொடுத்து ஆட்டக்காரர்களை எடுக்கிற ஏஜென்ட் ஒருத்தன் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிப் இத்தாலிக்குப் போனான், நாலு வருஷம் ஆடினான், திரும்பி வந்து இண்டியானாபோலிஸில் மூன்று கார் ஷோரூம் திறந்தான்.

வீடியோ எடுத்த புண்ணியவான், பாதி முடியத்தான் போகிறதே என்று அந்த நேரத்தில் டேப் மாற்றிக்கொண்டிருந்தான். ஹோய்டின் குரல் மட்டும்தான் மிஞ்சியது. வருஷா வருஷம் மார்ச்சில் ரேடியோவில் அதைப் போடுவார்கள்.

வெர்லின் முதலில் வாயைத் திறக்கவில்லை. கூட ஆடினவனைக் காட்டிக்கொடுப்பதா என்று இருந்தான். கிப்பே சொல்லிவிடுவான் என்றும் நம்பினான். அப்புறம் ஒருநாள் முடிவெட்டும் கடையில் உண்மையைச் சொன்னான். "அடப் போடா. உன் பழியைக் கொண்டுபோய் அவன் தலையில கட்டுறியா?" என்று கேட்டார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து கோச் வேலை காலியானபோது மனுப் போட்டான். அவன் வாழ்க்கையில் ஆசைப்பட்ட ஒரே வேலை அதுதான். ஆள் எடுக்கிற குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பசங்களுக்குப் பந்தை நேரத்துக்குப் போடச் சொல்லிக்கொடுப்பியாப்பா?" என்றார். மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். வேலை வேறொருத்தனுக்குப் போனது. வெர்லின் ஹீட்டர் ரிப்பேர் படித்தான்.

அவன் பேச்சை நம்பியது ஒரே ஒரு ஆள், அவன் மனைவி டார்லா. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். "நீ சொன்னா சரிதான், வெர்லின்" என்றாள். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவள் அதையேதான் சொன்னாள். ஊரெல்லாம் சேர்ந்து கேலி செய்துவிட்டுப் போகட்டும், வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பதில்தான் அவன் காலம் ஓடியது.

போன பிப்ரவரியில் கல்லூரியின் விளம்பர ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கிப் எறிந்தபோது நின்ற தூரத்தை அளந்து, டன்லப் மைதானத்தின் தரையில் வெள்ளி நட்சத்திரம் பதிக்கப் போகிறார்களாம். கிப்தான் அந்தப் புதுத் தரைக்கே பணம் கொடுத்தவன். சனிக்கிழமை மதிய ஆட்டத்தின் இடைவேளையில் விழா.

"அதே மாதிரி நடிச்சுக் காட்டணும் சார். நீங்க பந்தைப் போடுங்க, அவர் எறிவாரு. சும்மா ஜாலியா!" என்றாள்.

"ஜாலியா" என்றான் வெர்லின்.

"ஆமா சார்! கடிகாரமெல்லாம் ஓட விடுவோம்!"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். கடிகாரம் என்ற வார்த்தை அவனைப் பிடித்து நிறுத்தியது. புதுக் கடிகாரம் மைதானத்துக்கு நடுவில், நாலு பக்கமும் தெரிகிற மாதிரி, வண்டிச் சக்கரம் அளவுக்கு எண் காட்டும். அன்றைக்குக் கேட்கத்தானே செய்தார்கள்? இப்போது எல்லோரும் கண்ணால் பார்ப்பார்கள். அவன் கையைவிட்டுப் பந்து எப்போது போகிறது என்று பார்ப்பார்கள். ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும்.

"வரேம்மா" என்றான்.

சனிக்கிழமை உடை மாற்றும் அறையில் கிப் இருந்தான். தலை நரைத்திருந்தது, தொந்தி விழவில்லை, பல் பளபளவென்று இருந்தது. வெர்லினைப் பார்த்ததும் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டான்.

"டேய் கிழவா! உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன். கிப், ஒண்ணு கேக்கணும்."

"கேளுடா. கார் வேணுமா?"

"அன்னிக்கு நீ நிறுத்தி வெச்ச. ரெண்டு தட்டு தட்டின. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்."

கிப் அவன் தோளில் ஓங்கித் தட்டிச் சிரித்தான். வலிக்கிற தோளிலேயே தட்டிவிட்டு, குனிந்து ஷூவைக் கட்ட ஆரம்பித்தான்.

"அட, இன்னுமாடா அதையே நெனச்சுக்கிட்டிருக்க? ஆமா, நிறுத்தினேன். யாருதான் நிறுத்தல அப்போ? அந்தச் சனியன் போய் விழுந்து தொலையும்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

முப்பது வருஷத்துக்கு மேலாகக் காத்திருந்த வார்த்தை இவ்வளவு லேசாக, ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்து விழும் என்று அவன் நினைக்கவில்லை.

"ஊரு என்னைச் சொல்லுதுடா. இன்னி வரைக்கும் சொல்லுது. அந்தக் கோச் வேலை போனதே அதனாலதான்."

"அப்படியா? கடவுளே, எனக்குத் தெரியாதுடா." கிப்பின் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "சரி, இன்னிக்கே சொல்லிடறேன். எறிஞ்ச உடனே மைக்கைக் கொடுப்பாங்க. எல்லார் முன்னாடியும் சொல்றேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியம்டா. நான் என்ன இப்போ சதவீதத்தை வெச்சா சாப்பிடறேன்?"

வெர்லின் பழைய பனியனை மாட்டிக்கொண்டான். சின்னப் பையனைப் போலச் சந்தோஷமாக இருந்தது அவனுக்கு. சொல்லவே வெட்கம்.

இடைவேளையில் ரெண்டு பேரும் மைதானத்துக்குள் நடந்தார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. பாப்கார்ன் வாசனையும் பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச் வாசனையும் கலந்து அடித்தன. மூன்றாவது வரிசையில் டார்லா நீலக் கம்பளிச் சட்டையில் உட்கார்ந்து கையை ஆட்டினாள். வெர்லின் கோட்டுக்கு வெளியே போய் நின்றான். கல்லூரி அணியின் நெட்டைப் பையன் ஒருத்தன் அவனுக்கு முன்னால் கையை விரித்து நின்றான். கிப் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லாப் பக்கமும் கும்பிடு போடாத குறையாகச் சிரித்தான். மேலே கடிகாரத்தில் ஏழு என்று சிவப்பாக எரிந்தது.

விசில் ஊதியது. கூடவே ஒலிபெருக்கியில் ஹோய்ட் பிராம்லெட்டின் குரல் கிளம்பியது. செத்துப் பத்து வருஷம் ஆன மனுஷன். அந்தப் பழைய ஒலிப்பதிவைப் போடுவார்கள் என்று வெர்லினுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவன் யோசிக்கவே இல்லை. நெட்டைப் பையனின் கைக்கு அடியில், தோள் சுரீர் என்று இழுக்க, சட்டென்று போட்டுவிட்டான். பந்து கிப்பின் கையில் விழுந்தபோது வெர்லின் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து. ஐந்து முழு விநாடி! அன்றைக்கு மூன்று, இன்றைக்கு ஐந்து. பாருங்கடா, எல்லோரும் பாருங்கடா, என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"போடுடா, வெர்லின்! போடு! போடு!" என்று ஹோய்ட் கத்தினார். அவரோடு சேர்ந்து மொத்த அரங்கமும் கத்தியது. எல்லோருக்கும் மனப்பாடம். கிழவிகள் கத்தினார்கள், தோளில் பிள்ளையை வைத்திருந்த அப்பன்கள் கத்தினார்கள். "ஐயோ, போடேன்டா!" வெர்லின் ரெண்டு வெறுங்கையையும் தூக்கிக் காட்டினான். என்னிடம் பந்து இல்லை, இதோ பாருங்கள், இல்லவே இல்லை. அவன் நடிக்கிறான் என்று நினைத்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

பந்து கிப்பிடம் இருந்தது. கிப் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். தரையில் ஒரு தட்டு தட்டினான். இன்னொரு தட்டு. இன்னொன்று. உதட்டோரம் அதே சிரிப்பு. யாரும் கணக்கு எழுதவில்லை, ஏஜென்ட் இல்லை, இத்தாலி இல்லை. ஆனாலும் இவனுக்குத் தவறிவிடுமோ என்ற பயம். இத்தனை பேருக்கு முன்னால் நேரத்துக்குள் எறிந்து தவறினால் அது அவன் தவறு. பஸ்ஸருக்குப் பிறகு தவறினால் அது வெர்லின் தவறு. அடப்பாவி, என்றான் வெர்லின் வாய்விட்டு. அந்தக் கூச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

பஸ்ஸர் அடித்தது. கிப் எறிந்தான். பந்து பாதி தூரம்கூடச் சரியாகப் போகாமல் பக்கவாட்டில் விழுந்து, பேண்டு வாசிக்கிற பிள்ளைகளின் டிரம் மேல் மோதிக் குதித்தது. ஒலிபெருக்கியில் ஹோய்ட், "விழுந்துடுச்சு! விழுந்துடுச்சு!" என்று அழுதார். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

விளம்பர ஆபீஸ் பெண் மைக்கோடு ஓடி வந்தாள். கிப் அதை வாங்கிக்கொண்டு வெர்லினைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டான்.

"ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட" என்றான். கூட்டம் அடங்கியது. "ரொம்ப நாளா சொல்ல வேண்டிய விஷயம்."

வெர்லின் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். டார்லா முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கிப் கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தான். எல்லோரும் அவனைப் பார்த்து ஆசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தமாஷுக்குக் காத்திருக்கிற முகங்கள். வெர்லின் தோளில் இருந்த கை கொஞ்சம் இறுகியது.

"இவ்வளவு வருஷம் கழிச்சாவது..." என்று கிப் இழுத்தான். "இந்தப் பய கொஞ்சம் சீக்கிரம் போடுவான்னு நெனச்சேங்க!"

கூரை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். தட்டியவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். கிப் காதோரம் குனிந்து, "கோச்சுக்காதடா. சும்மா ஒரு இதுக்கு. கூட்டம் அப்படி இருந்துச்சு, எப்படிச் சொல்றது? சாயங்காலம் போன் பண்றேன்" என்றான். போட்டோக்காரர் கேட்டுக்கொண்டதால் நட்சத்திரத்துக்கு ஒரு பக்கம் அவனும் ஒரு பக்கம் கிப்பும் நின்றார்கள். வெர்லின் சிரிக்கவும் சிரித்தான்.

ரெண்டாவது பாதியைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள். வெளியே வெயில் இருந்தது, சோளக்காட்டில் பனி பளிச்சென்று கண்ணைக் கூசவைத்தது. வெர்லின் வேனை ஓட்டினான். டார்லா மடியில் கல்லூரிக்காரர்கள் கொடுத்த பூங்கொத்தை வைத்திருந்தாள்.

அவள் பார்த்தாள் அல்லவா? மூன்றாவது வரிசை. கடிகாரத்துக்கு நேர் எதிரில். ஊர் கிடக்கட்டும், கிப் கிடக்கட்டும். அவள் பார்த்திருப்பாள். அதைக் கேட்க அவனுக்கு வாய் துறுதுறுத்தது. கேட்காமலே அவள் சொல்லட்டும் என்று பொறுத்துக்கொண்டான்.

டார்லா அவன் தோளில் கை வைத்தாள். வலிக்காமல், மெதுவாகத் தடவினாள்.

"மனசுல வெச்சுக்காத, வெர்லின்" என்றாள்.

"எதை?"

"அவங்க கெடக்கறாங்க. இந்தத் தோளை வெச்சுக்கிட்டு யாரு போட்டிருந்தாலும் கொஞ்சம் லேட்டாத்தான் போயிருக்கும்." அவள் குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது. "அன்னிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சின்னப் பையன் நீ. அதுல என்ன தப்பு? நான் என்னிக்காவது உன்னைக் குத்தம் சொல்லியிருக்கேனா?"

வெர்லின் ரோட்டையே பார்த்தான். நீ சொன்னா சரிதான், வெர்லின். அந்த வார்த்தையை அவள் இத்தனை வருஷமாக எப்படிச் சொன்னாள் என்பது இப்போதுதான் அவனுக்குக் கேட்டது. காய்ச்சல்காரனின் உளறலுக்குத் தலையாட்டுகிற மாதிரி சொல்லியிருக்கிறாள். இப்போது வண்டியை ஓரம் கட்டி, மறுபடி முதலிலிருந்து சொல்லலாம். ஐந்து விநாடி இருந்தது, நீ கடிகாரத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

"ரொம்ப வலிக்குதா?" என்றாள் டார்லா.

"ஆமா" என்றான் வெர்லின். "தோளுதான். லேட்டாயிடுச்சு."